அங்கி போட்ட டெய்சிகள்

மறுபடியும் போன் அடித்தது. ஸ்வெட்டர் பைக்குள் அது வண்டு மாதிரி முட்டி முட்டிச் சுற்ற, இரண்டு கையிலும் மிலார்க் கொப்பும் முழங்கை வரை மண்ணுமாக நின்ற தெபோராள், யாராவது எடுத்துத் தொலைங்களேன் என்று சுற்றிலும் பார்த்தாள். யார் இருக்கிறார்கள். பாத்தி நிறைய டெய்சிச் செடிகள்தான் இருக்கின்றன, பூவெல்லாம் கிள்ளிவிட்ட மொட்டைத் தலைகளோடு, பேன் பார்த்து முடி வெட்டிவிட்ட பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி. கையைப் பாவாடையில் துடைத்து எடுத்தாள். "யாரு?" என்றாள் கோயம்புத்தூரிலிருந்து அம்மா. "நீதானேம்மா கூப்பிட்ட. என்னைப் போய் யாருன்னு கேக்குற." "குரலைப் பாக்குறேன்டி. செடியெல்லாம் மூடியாச்சா?" "மூடிக்கிட்டே இருக்கேன்." "மத்தியானமும் இதைத்தான் சொன்ன." "மத்தியானமும் மூடிக்கிட்டேதான்மா இருந்தேன்." அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி ஃபேன் கடகடவென்று ஓடியது, பிறகு அம்மா, மெஷினில் ஊசி மாற்றும்போது பேசுகிற அந்த மெதுவான குரலில், "தெபோ, உள்ளதைச் சொல்லு. இல்லேன்னா ஆறு மணி பஸ்ஸைப் பிடிச்சு நானே வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

வந்துடுவேன். சும்மா சொல்கிறாள் என்று விட்டுவிட முடியாது, சலோமி டெய்லர் சும்மா சொல்கிற ஆள் இல்லை, திங்கள்கிழமை ஜாக்கெட் என்றால் திங்கள்கிழமை ஜாக்கெட், வருவேன் என்றால் வருவாள், ஒரு கண்ணில் கட்டோடு, இன்னொரு கண்ணில் ஏற்கெனவே பாதி இருட்டோடு, அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறுவாள், கல்லாறு தாண்டியதும் வளைவுகள், ஒவ்வொரு வளைவுக்கும் அம்மாவுக்குக் குமட்டும், குமட்டினால் குனிவாள், குனியக்கூடாது என்று டாக்டர் சொன்னார், "குனியக் கூடாது, தும்மக் கூடாது, இருமக் கூடாது, குளிர்ல போகவே கூடாது, என்னம்மா, புரியுதா" என்று ஒவ்வொரு கூடாதுக்கும் மேஜையைப் பேனாவால் தட்டுவாராம், அம்மா போனில் சொன்னதை வைத்தே தெபோராள் அந்தக் குரலைச் செய்து பார்த்திருந்தாள், அதுவும் பொருத்தமாகத்தான் வந்தது, ஆனால் சிரிப்பு வரவில்லை. குனியக்கூடாது என்றால் அம்மா செய்கிற எல்லாமே குனிந்து செய்வதுதானே. துணி வெட்டுவது, ஊசியில் நூல் கோப்பது, பாத்தியில் குச்சி ஊன்றுவது. ராத்திரி வந்து இறங்கியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு இந்தப் பாத்தியில்தான் வந்து குனிவாள், தையல் போட்ட கண்ணோடு, ஊட்டிக்குப் பக்கத்துத் தலைகுந்தாவின் குளிரில், முழு மூச்சாகத் தும்முவாள். அப்புறம் அந்தக் கண். அதற்கு மேல் யோசனை போகவில்லை, முள்ளில் மாட்டிய துப்பட்டா மாதிரி அங்கேயே நின்று இழுத்தது, சரி போதும் என்று ஒரு மிலார்க் கொப்பை மண்ணில் குத்தினாள், அது சாய்ந்து விழுந்தது.

இந்தச் சனியன் பிடித்த மிலார் ஒன்றும் பெரிய மந்திரம் இல்லை, கோத்தகிரிப் பக்கமிருந்து கட்டுக்கட்டாக வரும் புதர்க்கொப்பு, குச்சியும் இலையுமாக, ஊட்டியில் மார்கழி பிறந்தால் பெரிய பூங்காவிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் பூச்செடிகளுக்கு அதுதான் கூரை. பாத்தியைச் சுற்றிச் சாய்த்து ஊன்ற வேண்டும், தலைகள் மேலே ஒன்றோடொன்று சேர வேண்டும், உள்ளே செடியின் மேல் படக்கூடாது, காற்றுக்கு வழி இருக்க வேண்டும், ஆனால் ஆகாயம் தெரியக்கூடாது. ஆகாயம் தெரிந்தால் பனி உள்ளே பார்த்துவிடும் என்பாள் அம்மா, பனிக்குக் கண் இருக்கிற மாதிரி. கண். எதை எடுத்தாலும் கண்ணில் போய் முடிகிறது. மேலே பார்த்தாள், துடைத்து வைத்த மாதிரி வானம், ஒரு மேகக்கீற்று இல்லை, சுற்றுலா வந்தவர்கள் ஆகா என்ன நீலம் என்று நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள், இங்கே இருப்பவர்கள் அந்த நீலத்தைப் பார்த்தால் கொப்பையும் சாக்கையும் தேடுவார்கள், மேகம் இல்லை, காற்று இல்லை, பகலெல்லாம் மண் வாங்கி வைத்த சூடு ராத்திரியில் அப்படியே மேலே போய்விடும், விடியும்போது புல் முழுக்க உறைபனி, உப்பைக் கொட்டியது மாதிரி இருக்கும். நேற்று ராத்திரி விழுந்த மாதிரி. நேற்றை நினைக்காதே. கொப்பை எடுத்து மறுபடி குத்தினாள், மறுபடி சாய்ந்தது, அம்மா குத்தினால் மட்டும் எப்படி நிற்கிறது.

உள்ளதைச் சொல்லு என்றால் எந்தக் குரலில் சொல்வது. அதுதானே விஷயம். அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பி பிரிவில் அத்தனை பேர் குரலும் வரும், பி.டி. மாஸ்டர் வரும், "லைன்ல நில்லுங்கடா எருமைங்களா, எருமைகூட லைன்ல நிக்கும்," காந்தல் பஸ் கண்டக்டர் வரும், பாஸ்டர் வரும், பாஸ்டரின் இருமல் தனியாக வரும், அந்தப் பாஸ்டரின் மனைவி வரும், எல்லாரும் அவரைப் பாஸ்டரம்மா என்பார்கள், வந்து தொலைந்தது அந்தக் குரல்தான். போன கிறிஸ்துமஸுக்கு முன்னால், சிநேகிதி போனிலிருந்து அம்மாவின் தையல் கடைக்குக் கூப்பிட்டு, "சலோமி, ஸ்தோத்திரம்மா, பாடகர் குழுவுக்கு வெள்ளை அங்கி வேணும்மா, ஆண்டவருக்குச் செய்யுறதா நினைச்சு சீக்கிரம் செஞ்சிடும்மா," அவ்வளவுதான், ஐந்து நிமிஷ வேடிக்கை, சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று விளையாடப் போய்விட்டாள், திரும்பி வந்தால் அம்மா கடையை மூடிவிட்டு வீட்டுத் தரை முழுக்க வெள்ளைத் துணியை விரித்து, கத்தரியால் கரகரவென்று கழுத்து வளைவு வெட்டிக்கொண்டிருக்கிறாள், கண்ணைத் துணியோடு ஒட்ட வைத்துக்கொண்டு, அப்போதே அவளுக்குச் சாக்பீஸ் கோடு தெரியவில்லை என்று இவளுக்கு எப்படித் தெரியும். சொன்னதும் அம்மா திட்டவில்லை. கத்தரியைக் கீழே வைத்தாள். "நல்லா பேசின. நான் பாஸ்டரம்மான்னே நம்பிட்டேன்" என்றாள், பாராட்டுகிற மாதிரி, அதுதான் தாங்கவில்லை, அடித்திருக்கலாம். வெட்டின துணியெல்லாம் ஒரு சாக்கில் போய் மச்சில் ஏறியது. அன்றிலிருந்து யாரு என்றுதான் போனை எடுக்கிறாள். இவள் நான்தான்மா என்றால், "நான்தான்னு யாரு வேணா சொல்லலாம்" என்கிறாள். சரிதான், யார் வேண்டுமானாலும் சொல்லலாம், இவளே எத்தனை பேராகச் சொல்லியிருக்கிறாள். தன் குரல் என்று ஒன்றைத் தொண்டைக்குள் தேடிப் பார்த்தாள், நான் தெபோராள் பேசுறேன், என்று செடிகளுக்குச் சொல்லிப் பார்த்தாள், அது ஏதோ பள்ளிக்கூட மைக்கில் வருகைப்பதிவு வாசிக்கிற மாதிரி இருந்தது. நான் தெபோ. இல்லை. நான்தான். இது அழுகிற மாதிரி. எது.

பாத்தியின் கிழக்கு ஓரம் முடிந்தது. முடிந்தது என்றால் நிற்கிறது, அவ்வளவுதான். விரல் நுனியெல்லாம் மரத்துப் போய் யாருடைய விரலோ மாதிரி இருந்தது. ஓரக்கண்ணால்கூடச் சுவர்ப்பக்கம் பார்க்கக்கூடாது என்று வைத்திருந்தாள், பார்த்துவிட்டாள். சுவரோரம் மூன்று செடிகள். காலையில் வெந்த கீரை மாதிரி கறுத்து, தண்ணீர் சொட்டச் சொட்டத் தலை தொங்கிக் கிடந்தன, இப்போது கொஞ்சம் காய்ந்து தேயிலைத் தூள் மாதிரி ஆகியிருந்தன. நேற்று சாயங்காலம் மிலார்க் கட்டு வாசலிலேயே கிடந்தது, அம்மா போகும்போது ஊன்றும் விதத்தைச் சொல்லிவிட்டுத்தான் போனாள், ஒரு கொப்பை ஊன்றியும் காட்டினாள், ஆனால் நேற்றுதான் ஆபரேஷன், மூன்று மணிக்கு உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள் என்று அப்பா சொன்னவர் அப்புறம் கூப்பிடவே இல்லை, அப்பா அப்படித்தான், கேரட் லோடு ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் போனாலும் "சேந்துட்டேன்" என்ற ஒரு சொல்தான், அந்த ஒரு சொல்லுக்காக இவள் ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கண்ணாடிக்கு முன்னால் போய் டாக்டர் குரலில் "குனியக் கூடாது, தும்மக் கூடாது" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள், பயம் ஒரு ஆளாக மாறிவிட்டால் அந்த ஆளைக் கேலி செய்துவிடலாம் என்பது அவள் கணக்கு. "முடிஞ்சிது" என்று அப்பா சொன்னபோது வெளியே இருட்டிவிட்டது. முடிஞ்சிது என்றால் நல்லபடியாகவா, அதைச் சொல்ல மாட்டாரா, அந்தக் கோபத்தோடும் அந்தச் சந்தோஷத்தோடும் ஓடிப் போய் விறகு மேல் கிடந்த நீலப் பிளாஸ்டிக்கை உருவி அப்படியே செடிகளின் மேல் போட்டாள். எதுவாக இருந்தால் என்ன, மூடியாச்சு. பிளாஸ்டிக் தொட்ட இடமெல்லாம் பனி தொட்ட இடம் என்று யாருக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியும். செடியின் மேல் படக்கூடாது, படக்கூடாது என்று அதைத்தானே இரண்டு தடவை சொன்னாள். சுவர்ப்பக்கம்தான் பிளாஸ்டிக் தொய்ந்து படிந்திருந்தது. காலையில் சீக்கிரம் எழுந்தாவது தண்ணீர் தெளித்திருந்தால், வெயில் மேலே விழும் முன்னால் அந்தப் பனியைக் கரைத்துவிட்டிருந்தால். எழுந்தபோது வெயில் வந்துவிட்டது.

மூன்றில் ஒன்று கிழவி. அதுதான். மற்ற இரண்டும் போனால் போகட்டும், எத்தனையோ இருக்கின்றன, ஆனால் கிழவி, அம்மா வைத்த பெயர், தாய்ச்செடி, தண்டு மரமாகி முடிச்சு முடிச்சாக இருக்கும், பாத்தியில் உள்ள அத்தனையும் அதன் கொப்பை ஒடித்து ஊன்றி வந்தவைதான். ஏதோ ஒரு பங்களாவுக்குத் திரைச்சீலை தைக்கப் போனபோது கூலியோடு சேர்த்து ஒரு கொப்பு கேட்டு வாங்கி வந்தாளாம், இவள் பிறக்கும் முன்னால். கண் மங்க ஆரம்பித்தபோது அம்மா மற்றப் பூக்களின் பெயரைச் சொல்வதை ஒவ்வொன்றாக விட்டுவிட்டாள், சிவப்பும் ஊதாவும் ஒன்றாகத் தெரிகிறது என்றாள், வெள்ளை இதழும் நடுவில் மஞ்சளுமாக இது மட்டும் தெரிந்தது, வாசலில் நின்றபடி "இன்னிக்கு வலது பக்கம் நிறைய பூத்திருக்கு" என்பாள், சரியாக இருக்கும். பஸ் ஏறும்போதுகூட, பயத்தை மறைக்க வேறு ஏதாவது பேச வேண்டுமே என்று, "மார்ச்ல பூக்கறப்ப ரெண்டு கண்ணாலயும் பாப்பேன்டி, கிழவிய முதல்ல" என்றாள். முதல்ல பாரு. நல்லா பாரு.

காலையில் போட்டோ அனுப்பு என்று அப்பா போனிலிருந்து சொன்னார்கள். கறுப்பை எப்படி அனுப்புவது, பழசில் ஒன்றைத் தேடி எடுத்து அனுப்பிவிட்டாள், அது அப்பாவுக்குத்தானே, அம்மாவுக்குப் போனில் பார்க்கிற கண் இல்லையே. கட்டிலில் உட்கார்ந்துகொண்டு அம்மா கேட்டாளாம், எப்படி இருக்கு, அப்பா வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு சொல்லுக்கு மேல் பேசினாராம், "நல்லா இருக்கு சலோமி, கொல்லுன்னு பூத்திருக்கு." அம்மா புறப்படும் முன்னால் ஒரு பூ விடாமல் தன் கையால் கிள்ளிவிட்டுப் போயிருந்தாள், பனிக்காலத்தில் பூவுக்குச் சத்து போகக்கூடாது என்று. கொல்லுன்னு பூத்திருக்கு. கேரட்டைத் தவிர எதையும் பார்த்தறியாத மனுஷன், அவரைச் சொல்லி என்ன. அப்போது ஆரம்பித்ததுதான் இந்தப் போன், அரைமணிக்கு ஒரு தடவை, யாரு, மூடியாச்சா, உள்ளதைச் சொல்லு. ஒவ்வொரு தடவையும் உள்ளதைச் சொல்ல வாய் திறந்தால் வேறொன்று வந்தது. மூணு போயிடுச்சும்மா என்று சொன்னால் அந்த நிமிஷமே கட்டிலை விட்டு இறங்குவாள். ஒண்ணும் ஆகலை என்றாலும் இறங்குவாள், நம்பிக்கை இல்லாமல். எப்படிப் போனாலும் பஸ் ஸ்டாண்டு.

ஒரு யோசனை வந்து பக்கத்து வீட்டு மாதி அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தாளே, அது ஒரு கூத்து. மாதி அக்கா பொய் சொல்லாத ஆள், மாடு சினையா இல்லையா என்று கேட்டால்கூட யோசித்துத்தான் சொல்வாள், ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியையும் மேட்டில் ஏற்றுகிற மாதிரி இழுத்துப் பேசுவாள். வேலிக்கு மேலாக வந்து பாத்தியைப் பார்த்தாள், கறுப்பையும் பார்த்தாள், போனை வாங்கினாள். "சலோமி, நான் மாதி பேசறேன். உன் பொண்ணு குச்சி ஊனிக்கிட்டுதான் இருக்கா. நான் கண்ணால பாத்துட்டேன்." அந்தப் பக்கம் அம்மா என்னமோ சொல்ல, மாதி அக்கா முகம் சுருங்கியது. "நான் மாதிதான் சலோமி." மறுபடி என்னமோ. "ஏன், என் குரல் எனக்குத் தெரியாதா. உனக்குப் போன வாரம் பீன்ஸ் குடுத்தேனே, அந்த மாதி." இவள் காதைப் பக்கத்தில் கொண்டுபோனாள், அம்மா தெளிவாகச் சொன்னாள், "இழுப்பு கொஞ்சம் அதிகமா இருக்கு தெபோ. மாதி இவ்வளவு இழுக்க மாட்டா. பீன்ஸ் விஷயம் உனக்கும் தெரியும்." மாதி அக்கா போனைக் கையில் கொடுத்துவிட்டு, "நான் அவ்வளவா இழுக்கறேன்?" என்று கேட்டாள், நிஜமாகவே வருத்தமாக. இல்லக்கா. "உங்க வீட்டுல ஒருத்தருக்கும் புத்தி சரியில்ல" என்று சொல்லிவிட்டு வேலி தாண்டிப் போனவள், பாதியில் நின்று, "மிலார் பத்தாது. மேல துணி ஏதாவது போடு. பிளாஸ்டிக் போடாத" என்றாள். பிளாஸ்டிக் என்ற சொல்லை மட்டும் இழுக்கவில்லை.

வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது. இங்கே அது மெல்ல மங்கிப் போகாது, யாரோ போர்வையை உருவின மாதிரி போகும், அடுத்த மூச்சிலேயே மூக்கு நுனி எரியும். மேற்கு ஓரமும் ஊன்றியாகிவிட்டது, நடுவில் கூரை சேரவில்லை, மாதி அக்கா சொன்னது சரி, கொப்பு பத்தவில்லை, நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு ஆகாயம் தெரிந்தது, பனி உள்ளே பார்த்துவிடும். துணி. எந்தத் துணி. போர்வை என்றால் கனம், நனைந்து கொப்பை அமுக்கிவிடும், சேலை என்றால் அம்மா கொன்றுவிடுவாள். நின்றுகொண்டே யோசித்தாள், யோசனை நேராகப் போகாமல் வேறெங்கோ போய்ப் பால்காரரிடம் நின்றது. ஏன் பால்காரர். முதல் வகுப்போ இரண்டாவதோ படிக்கும்போது, காய்ச்சலில் கட்டிலில் கிடந்தாள், அடுப்படியிலிருந்து பால்காரர் குரல் கேட்டது, "தண்ணி நான் ஊத்தலைம்மா, மழையில நின்னுச்சு, மாடே ஊத்திக்கிச்சு," அந்த மூக்கடைப்புக் குரல், அதைத் தொடர்ந்து அம்மா தனியாகச் சிரிக்கிற சத்தம், சபையில் பெண்கள் கூட்டத்தில்கூட அம்மா அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. எழுந்து போய்ப் பார்த்தபோது பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா மட்டும் நின்றாள், "போய்ப் படு" என்றாள், வெடுக்கென்று. பால்காரர் எந்த வழியாகப் போனார். பின்கதவு வழியாக. அந்தப் பழைய வீட்டில் பின்கதவு இருந்ததா. இதெல்லாம் இப்போது எதற்கு, துணி, துணி. ஆச்சரியம் என்னவென்றால் எல்லார் குரலும் வருகிறது, அம்மா குரல் மட்டும் அவளுக்கு வராது, எத்தனையோ தடவை முயன்றிருக்கிறாள், பிடிமானமே கிடைக்காது, தண்ணீரைக் கிள்ளுகிற மாதிரி. துணி. மச்சில் சாக்கு.

மச்சிலிருந்து சாக்கை இழுத்துப் போட்டபோது தூசியில் தும்மல் வந்தது, தும்மக் கூடாது என்றது டாக்டர் குரல் தலைக்குள், தும்மினாள். வெட்டிய அங்கிகள் அப்படியே மடிப்புக் கலையாமல், கழுத்து வளைவோடு, கை இல்லாமல், மூட்டுத் தையல் இல்லாமல். அம்மா ஏன் இதைத் தலையணை உறையாகக்கூட மாற்றவில்லை, ஏன் விற்கவில்லை, ஒன்றுக்கும் ஆகாததை இவ்வளவு ஒழுங்காக மடித்து வைக்கிறவளிடம் என்ன பேசுவது. ஒவ்வொன்றாக விரித்து மிலாரின் மேல் போட்டாள், துணி மெல்லியது, கொப்பில் தொற்றி நின்றது, செடியைத் தொடவில்லை, ஓரத்தை மண்ணில் கல் வைத்து அழுத்தினாள், அடுத்தது, அடுத்தது. மங்கின வெளிச்சத்தில் பாத்தி முழுக்க வெள்ளை அங்கி போட்ட ஒரு பாடகர் குழு தலையில்லாமல் வரிசையாக நின்றது. எல்லாரும் எழுந்து நிற்போமாக, என்று பாஸ்டர் குரல் தானாக வந்தது, பாதியிலேயே நின்றும் போனது. சுவரோரம் மட்டும் மிச்சம். கறுத்ததற்கு எதற்கு அங்கி. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசித் துணி கையில் இருந்தது, அதை வேறெங்கேயாவது இரட்டையாகப் போடலாம், புத்தியுள்ளவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

துணியைத் தோளில் போட்டுக்கொண்டு மணி பார்க்கப் போனை எடுத்தாள், ஆறு ஆகியிருந்தது. அரைமணிக்கு ஒரு தடவை அடித்தது அடிக்கவில்லை. அதுதான், கிளம்பிவிட்டாள். அப்பா நம்பரை அடித்தாள், முழுக்க அடித்து நின்றது, மறுபடி, முழுக்க அடித்து நின்றது. பஸ்ஸில் ஏறிவிட்டார்கள், ஜன்னலோர சீட்டு, அப்பா ஜன்னலைச் சாத்தியிருப்பாரா, அவருக்குக் காற்று வேண்டும், லாரிக்காரருக்கு எப்போதும் காற்று வேண்டும், ஆபரேஷன் பண்ணின கண்ணில் மேட்டுப்பாளையம் ரோட்டுத் தூசி, கல்லாறு, முதல் வளைவு, சாத்துப்பா ஜன்னலை, சாத்துன்னு சொல்லு யாராவது, "என்னம்மா, புரியுதா," ஒரு ஆளாவது நம்பியிருக்கலாம், ஒரே ஒரு தடவை, முட்டாள் பொம்பளை, நம்பினால் என்ன குறைந்துவிடும், நான் மூடிட்டேன் நான் மூடிட்டேன் நான் நிஜமாவே மூடிட்டேன், வாய்விட்டுச் சொல்கிறாள் என்பது வேலிக்கு அந்தப் பக்கம் மாதி அக்கா வீட்டு நாய் குரைத்தபோதுதான் தெரிந்தது. போன் அடித்தது. அப்பா நம்பர். "ஹலோ, தெபோராள் ஆணோ? ஞான் சிஸ்டர் ஷைனியாக்கும்." காலையில் ஒரு பழைய மாத்திரைப் பெயர் கேட்டுக் கூப்பிட்ட அதே நர்ஸ், அந்தக் கேரளத்து மூக்குக் குரல், காலையில் போனை வைத்ததுமே இவள் அதைச் செய்து பார்த்திருந்தாள். "அம்மைக்கு ஒண்ணுமில்ல கேட்டோ. மருந்து ஊத்தியாச்சு. உறங்குறாங்க கேட்டோ. பஸ்ஸுக்கு ஒண்ணும் போகல்ல. அப்பா சாயா குடிக்கப் போயி, அதான் போன் எடுத்தில்ல. மோள் பயப்பட வேண்டாம் கேட்டோ." பாத்தி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். உறங்குகிறாள். கட்டிலில். கோயம்புத்தூரில். கேட்டோ கொஞ்சம் அதிகம் என்று தொழில் புத்தி ஒரு மூலையில் சொன்னது, இருக்கட்டும், களைப்பாக இருந்தது, யார் குரலையும் எடை போடத் தோன்றவில்லை. அந்தப் பக்கம் ஃபேன் கடகடவென்று ஓடியது. "சிஸ்டர்," என்றாள், "அம்மா எந்திரிச்சதும் நீங்களே ஒண்ணு சொல்லிடுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. எல்லாம் மூடிட்டேன்னு சொல்லுங்க. மிலார் ஊனி மேல துணியும் போட்டிருக்கேன். ஆனா நேத்து பிளாஸ்டிக் போட்டுட்டேன், செடி மேல படற மாதிரி. மூணு போயிடுச்சு." அதற்கு மேல் குரல் வரவில்லை, எந்தக் குரலும் வரவில்லை, வந்த வரைக்கும் அது யாருடைய குரல் என்று அவள் கவனிக்கவும் இல்லை.

ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது. "எந்த மூணு?" என்றாள் நர்ஸ். தெபோராள் மூச்சை நிறுத்தினாள். "சுவரோரம் உள்ளதாணோ மோளே? கிழவியுமா?" அந்தப் பழைய வீட்டில் பின்கதவு கிடையாது. அடுப்படிக்கு ஒரே கதவுதான், அந்தக் கதவில்தான் காய்ச்சலோடு இவள் நின்றாள், அதைத் தாண்டிப் பால்காரர் யாரும் போகவில்லை. அவளுக்குச் சிரிப்பு வரும்போல இருந்தது, "ஆமா சிஸ்டர்" என்றாள், "கிழவியும்." பிறகு அந்தக் கேரளத்துக் குரல், கொஞ்சமும் பிசகாமல், ஆனால் ஊசி மாற்றும்போது பேசுகிற மெதுவோடு, "மேல கறுத்தா போகட்டும். அடித்தண்டை நகத்தால கீறிப் பாரு. மண்ணோட ஒட்டி. மெல்ல கேட்டோ." தெபோராள் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு சுவரோரம் போய்க் குனிந்தாள். விரல் மரத்திருந்தது, முடிச்சு முடிச்சான தண்டு கையில் கல் மாதிரி இருந்தது, நகத்தை வைத்து ஒரே ஒரு கீறல் கீறினாள், தோல் நூலாக உரிந்தது, மிச்சமிருந்த வெளிச்சத்தில் முகத்தை அதோடு ஒட்ட வைத்துப் பார்த்தாள், அம்மா துணியைப் பார்க்கிற மாதிரி. கடைசி அங்கியைத் தோளிலிருந்து எடுத்துக் கிழவியின் மேல் விரித்தபடி, "பச்சை இருக்கு, சிஸ்டர்" என்றாள்.